மடக்கு ஆர்கன்: ஒரு பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 5

காலையில் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. வெள்ளறடைப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்னத் தமிழ்ச் சபையின் உபதேசியார் கொண்டுவந்தார். பார்த்தால் பழைய பயணப் பெட்டி. மூலைகளில் பித்தளைத் தகடு, முன்பக்கம் இரண்டு கொண்டி, தூக்க ஒரு தோல் பிடி. பிடியை மட்டும் பிற்பாடு யாரோ சைக்கிள் ட்யூபால் சுற்றியிருக்கிறார்கள்.

கொண்டியை விலக்கி மூடியைத் திறந்தால் கட்டைகள். பெட்டியின் இரு பக்கத்திலிருந்தும் கால்கள் விரிகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்புத் தாங்கி. அடியில் கோணி நாடாவில் தொங்கும் இரண்டு மிதிகள். முழுசாக விரித்து நிறுத்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் வாசிக்கத் தயார்.

ஆனால் சத்தம் வரவில்லை. மிதித்தால் எங்கோ 'புஸ்' என்று காற்று போகிறது, நடுவில் நாலைந்து சுரம் மட்டும் முனகுகிறது. ஒரு சுரம் விரல் வைக்காமலே ஊதுகிறது.

எத்தனையோ ஆர்மோனியப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். மடக்கு ஆர்கன் என் மேஜைக்கு வருவது அபூர்வம். இதை அவசரப்படாமல், ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டே செய்யப்போகிறேன்.

ஜூன் 7

சுரம் எழுப்பும் பித்தளை நாக்குகளுக்குத்தான் ரீடு என்று பெயர். அவை வரிசையாக நிற்கும் ரீடு பலகையை வெளியே எடுத்தேன். ஒரே பலகை, இணைப்பே இல்லை. 49 ரீடு, நாலு சுரத்தொகுதி (ஆக்டேவ்). ஒவ்வொரு ரீடும் தன் பொந்தில் செருகி நிற்கிறது, திருகு கிடையாது. முனை வளைந்த மெல்லிய கம்பியை ரீடின் தலையிலுள்ள வெட்டில் மாட்டி இழுத்தால் வழுக்கி வருகிறது. நம் ஊர் ஆர்மோனியத்தில் ரீடைப் பலகைமேல் திருகி வைப்பார்கள். செருகும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர் ஊராகப் போகும் பெட்டிக்கு, ஒரு கம்பி இருந்தால் போதும், நின்ற இடத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

அடிச் சுரத்தின் ரீடை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய என் நடுவிரல் நீளம். பித்தளைச் சட்டம், அதன் நடுவே ஒரு பிளவு, பிளவுக்குமேல் ஒரு முனையில் மட்டும் ஆணி அடித்த பித்தளை நாக்கு. நாக்கின் நுனி கனமாக விட்டிருக்கிறது, மெதுவாக ஆட வேண்டும் என்பதற்காக. உச்சிச் சுரத்தின் நாக்கு விரல்நகம் அளவுதான்.

இந்த அடிச் சுரம் நொடிக்குச் சுமார் 65 அதிர்வு. அதே சுரத்தைத் திறந்த குழாயில் எழுப்ப வேண்டுமானால் 8 அடிக் குழாய் வேண்டும், அதனால்தான் குழாய் ஆர்கனைக் கோயிலோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். குழாயில் சுருதியை நிர்ணயிப்பது உள்ளே நிற்கும் காற்றின் நீளம். ரீடிலோ நாக்கின் நீளமும் கனமும் விறைப்பும்தான் சுருதி. பக்கத்தில் எந்தக் குழாயும் தேவையில்லை. இது ஒன்று இருப்பதால்தான் ஒரு ஆர்கனைக் கையில் தூக்கிக்கொண்டு ஆறு கடக்க முடிகிறது.

சீனத்தில் வாயால் ஊதும் ஷெங் என்ற வாத்தியத்தில் இந்த நாக்கு மிகப் பழங்காலத்திலிருந்தே உண்டு. ஐரோப்பாவில் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1810 வாக்கில் ரீடை மட்டும் நம்பி ஒரு ஆர்கன் செய்தார். பாரீஸ்காரர் அலெக்சாந்தர் தெபேன் 1842-ல் ஆர்மோனியம் என்ற பெயரிலேயே காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து பெட்டி சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

ஜூன் 8

விடாத மழை. கரண்ட் இல்லை. ரீடுகளை வரிசை மாறாமல் அட்டையில் குத்தி வைத்ததோடு சரி.

ஜூன் 11

உபதேசியார் மழையிலேயே வந்துவிட்டார். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான்.

"சாதா ஆர்மோனியப் பெட்டி ஒண்ணு வாங்கினா லேசா முடிஞ்சிருமே, உபதேசியாரே?" என்று கேட்டேன்.

"அது போதாது மக்கா. ஒரு கை காத்தடிக்கப் போச்சுன்னா பாட்டுக்கு ஒரு கைதான் மிச்சம். நாலு குரல்ல பாமாலை பாடிப் பழகின சபையாக்கும் இது."

அவர் சொன்னது வடிவமைப்பின் அடிவேரையே தொடுகிறது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிதிகளையும் கால்களையும் எடுத்துவிட்டு, துருத்தியைப் பின்னால் கொண்டுபோய், கை ஆர்மோனியத்தைப் பரப்பினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒற்றை ராக வரியைப் பாடுகிறவர்களுக்கு அது கச்சிதம். இடது கை காற்றுக்கு, வலது கை பாட்டுக்கு. ஆனால் சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று நாலு வரியும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமென்றால் இரண்டு கையும் கட்டைமேல் இருந்தாக வேண்டும். காற்றைக் கால்தான் அடிக்க வேண்டும். கால் அடிக்க வேண்டுமானால் பெட்டி தரையிலிருந்து உயர வேண்டும். உயர்ந்தால் கால்கள் வேண்டும். கால்கள் இருந்தால் தூக்கிப்போக மடக்க வேண்டும். இந்தப் பெட்டியிலிருக்கும் ஒவ்வொரு கீலும் அந்த இடது கையை விடுவிக்கத்தான்.

1880-களில் சிகாகோவில் பீட்டர் பில்ஹார்ன் என்ற நற்செய்திப் பாடகர் தெருக்கூட்டங்களுக்காக மடக்கு ஆர்கன் செய்து, பிறகு அதையே தொழிலாக்கினார். இரண்டாம் உலகப்போரில் வெர்மான்ட்டின் எஸ்டி கம்பெனி ராணுவக் குருமாருக்காக இதே வகைப் பெட்டிகளைச் செய்தது. மேஜையே இல்லாத இடத்தில் கூட்டுப்பாட்டு வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் தேவை. நம் பக்கத்தில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-ல் மயிலாடியில் கோயில் கட்டியது தொடங்கி, கோயில்களைவிட வீட்டு ஜெபங்கள் அதிகம். குன்றின்மேல் ஒரு வீடு, ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு வீடு. இந்த நாட்டுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது.

ஜூன் 15

இன்று முழுக்க அளவெடுத்துப் படம் வரைந்தேன்.

49 கட்டை என்றால் வெள்ளைக் கட்டை 29. ஒன்று 23.5 மில்லிமீட்டர். பெருக்கினால் 68 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெட்டியின் உள் அகலத்தை இதற்குக் கீழே கொண்டுவர வழியே இல்லை, கட்டைகளைக் குறுக்கினால் ஒழிய. குறுக்கினால் பியானோவில் பழகிய கை தடுமாறும். இதைச் செய்தவர் அகலத்தில் கைவைக்கவே இல்லை. உயரத்தில்தான் மிச்சம் பிடித்திருக்கிறார். கட்டை வரிசை, அதன்கீழ் ரீடு பலகை, அதன்கீழ் துருத்தி என்று மூன்று அடுக்கு. மூடியைச் சாத்தும்போது துருத்தி முழுக்கத் தட்டையாகிவிடுகிறது, கால்கள் அந்த இடத்துக்குள் படுத்துக்கொள்கின்றன.

படம் வரைந்து முடித்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இதில் காற்றடைத்த பாகம் எதிலும் கீல் கிடையாது. கீல்கள் எல்லாம் கால்களில், மிதிகளில், மூடியில். காற்று நிற்கும் இடத்தில் மடிவது துணி மட்டும்தான், அது எப்படியும் மடிந்து விரியத்தான் பிறந்தது. ரீடு பலகையை இரண்டாக வெட்டிக் கீல் போட்டிருந்தால் பெட்டி இன்னும் சிறுத்திருக்கும், ஆனால் அந்த வெட்டு ஒவ்வொரு மழைக்கும் விலகி ஒழுகியிருக்கும். மடக்கக்கூடாததை மடக்காமல் விட்டவர் கை தேர்ந்த ஆள். அவர் பெயர் இருந்திருக்க வேண்டிய தாள் உள்மூடியில் பூச்சி அரித்துப் போயிருக்கிறது. வருத்தமாக இருக்கிறது.

கால் தாங்கிகளைப் பற்றியும் எழுத வேண்டும். மிதிக்கிறவர் உதை சாய்வாக முன்னோக்கிப் போகிறது, கீழ்நோக்கி அல்ல. தாங்கி இல்லாவிட்டால் பாட்டின் நடுவே பெட்டி பின்னால் நகரும், கால் மடங்கும். இதில் தாங்கியின் நடு மூட்டு நேர்கோட்டைத் தாண்டி ஒரு இழை உள்ளே விழுந்து நிற்கிறது. உதைக்க உதைக்க இறுகும். மடக்க ஒரு விரலால் மேலே தட்டினால் போதும். பக்கத்துப் பட்டறை ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்ப மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு, அளவைத் தன் மரப்பலகையில் குறித்துக்கொண்டு போனார்.

ஜூன் 19

துருத்தி. எல்லாத் தொல்லைக்கும் இதுதான் மூலம்.

ஆர்மோனியம் காற்றை ரீடு வழியாக வெளியே தள்ளும். இந்த மடக்கு ஆர்கன் அமெரிக்க வழி, உறிஞ்சும். மிதித்தால் இரண்டு மிதி துருத்திகளும் உள் துருத்தியிலிருந்து காற்றை இழுத்து வெளியேற்றும். உள்ளே காற்று குறையும். கட்டையை அழுத்தினால் ஒரு சின்னக் குச்சி அடைப்பானைத் தள்ளித் திறக்கும், வெளிக்காற்று அந்த ரீடு வழியாக உள்ளே பாயும், நாக்கு ஆடும். உள் துருத்திக்குள் வில்கள் அதை விரியவைக்கப் பார்க்கும், வெளிக்காற்று சுருக்கப் பார்க்கும். மிதி சீராக இல்லாவிட்டாலும் சத்தம் சீராக வருவது இந்த இழுபறியால்தான்.

பழைய துணி மடிப்புகளில் நொறுங்கி உதிர்கிறது. ரப்பர் பூசின துணி அது, வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பு நெடுகக் குத்தூசித் துளைகள். ரப்பர் நாட்டில் இருந்துகொண்டு ரப்பருக்கு என்ன பஞ்சம், பாலைத் துணியில் பூசினால் ஆகாதா என்று வீட்டில் கேட்டார்கள். கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் சித்திரை வெயிலில் ஒட்டும், ஒட்டின மடிப்பு கிழியும். நெருக்கமாக நெய்த, முறையாகப் பூசிய மெல்லிய துணியே வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைத்தேன்.

ஒட்டியது வச்சிரப் பசையில். சூடாக்கினால் இளகும், பிறகு யாராவது இதைத் திறக்க வேண்டி வந்தால் மரத்தைப் பிய்க்காமல் திறப்பார்கள். வெள்ளைப் பசைக்கு அந்தக் குணம் இல்லை. மூலைகளுக்கு மட்டும் சீவிய ஆட்டுத்தோல், ஏனென்றால் மூலையில் துணி இரண்டு திசையில் ஒரே நேரத்தில் மடிகிறது.

ஜூன் 20

பசை காயவில்லை. இந்த ஈரத்தில் எப்படிக் காயும்.

ஜூன் 24

துருத்தியைப் பூட்டி மிதித்து, எல்லாக் கட்டையும் விட்டுவிட்டுக் காத்திருந்தேன். உள் துருத்தி நிதானமாக, மிக நிதானமாக விரிந்தது. ஒழுகல் இல்லை. தானாக ஊதிய சுரத்துக்குக் காரணம் மழையில் உப்பிய ஒரு குச்சி. மணல்தாளில் இரண்டு இழுப்பு, தீர்ந்தது.

ஊமை ரீடுகளில் பெரும்பாலானவை தூசிதான். உறிஞ்சும் ஆர்கன் அறையின் தூசியை எல்லாம் ரீடு வழியாகவே உள்ளே இழுக்கிறது. நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய தாளைச் செருகி இழுத்தால் ஒரு மயிரிழை வரும், அல்லது பூச்சியின் இறகு வரும். உடனே பேசத் தொடங்கிவிடும்.

ஒரே ஒரு ரீடு மட்டும் அரைச் சுரம் இறங்கியிருந்தது. ஆணிக்குப் பக்கத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் குறுக்கே ஒரு கோடு. நாக்கு உடையப் போகிறது, உடையும் முன் விறைப்பு போய்ச் சுருதி இறங்கும். குஜராத்தில் பாலிதானா ரீடுக்குப் பெயர்பெற்ற ஊர், அங்கத்து ரீடு ஒன்று என்னிடம் இருக்கிறது. சட்டத்தின் அளவு வேறு, பொந்தில் நுழையாது. அதனால் அதன் நாக்கை மட்டும் எடுத்துப் பழைய சட்டத்தில் ஆணி அடித்தேன். எந்தப் பக்கம் அடிக்கிறோம் என்பதில் கண் வேண்டும். காற்று வரும் பக்கத்தில் நாக்கு இருந்தால்தான் ரீடு பேசும். தள்ளும் பெட்டியில் அது உள்பக்கம், உறிஞ்சும் பெட்டியில் வெளிப்பக்கம்.

ஜூன் 30

சுருதி. நுனியைச் சுரண்டினால் ஏறும், ஆணிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்பி வராது, அதனால் ஒரு சுரண்டல், ஒரு கேட்டல் என்று போனேன்.

இதன் ஏ சுரம் நொடிக்கு 435 அதிர்வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிரான்ஸ் 1859-ல் சட்டமாக்கிய சுருதி அது. இன்றைய 440-க்கு அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கீழே. சபைப் பையன்களின் கிட்டாரோடு சேர்ந்தால் உரசும். 49 நாக்கையும் சுரண்டி ஏற்ற எனக்கு மனமில்லை. ஒவ்வொரு நாக்கும் மெலியும், ஆயுசு குறையும். கிட்டாரின் ஆறு கம்பியை இறக்குவது ஒரு நிமிஷ வேலை. உபதேசியாரிடம் போனில் சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

ரீடுச் சுரம் வளையாது என்பதுதான் ஆர்மோனியத்தின்மேல் நம்மவர் சொன்ன குறை. அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை அதை ஒதுக்கியே வைத்திருந்தது. கமகத்துக்கு அந்தக் குறை நியாயம். ஆனால் நாலு குரல் ஒன்றின்மேல் ஒன்று நிற்க, வளையாத ஒரு சுரம் கீழே வேண்டும். பயிற்சி இல்லாத பாடகர்கள் இருக்கும் கிராமத்துச் சபைக்கு அது பெரிய துணை.

ஜூலை 6

நேற்று பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் ஒரு வீட்டு ஜெபம், ரப்பர் தோட்டத்துக்குள். இடமே இல்லை. வாசல் திண்ணையை ஒட்டி ஆர்கனை விரித்தார்கள். உபதேசியாரின் மகள் வாசித்தாள், இரண்டு கையாலும். இரண்டாம் சரணத்தில் ஆண்கள் தங்கள் வரியைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். அடிச் சுரம் எழும்ப ஒரு கணம் தாமதிக்கிறது என்பது வேகமான பாட்டில் தெரிந்தது. கனமான நாக்குக்கு அது இயல்பு, அவளும் அதற்குத் தகுந்தாற்போல் இடது கையை ஒரு நூல் முன்னால் வைக்கப் பழகிவிடுவாள்.

"இதுபோல ஒண்ணு புதுசா செய்ய முடியுமாடே?" என்று பக்கத்துச் சபைக்காரர் ஒருவர் கேட்டார்.

முடியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பெட்டிச் சட்டத்துக்கு அயனி மரம், ரீடு பலகைக்குப் பழந்தேக்கு, முறுக்கம் முழுக்க அடங்கிய பலகையாக இருக்க வேண்டும். ரீடு பாலிதானாவிலிருந்து, திருகு போட்டு, நாக்கு வெளிப்பக்கம் பார்க்க. உள் அகலம் 69 சென்டிமீட்டர். காற்று உள்ளே போகும் வாயில் மெல்லிய சல்லாத் துணி கட்டிவிட்டால் தூசித் தொல்லை பாதி குறையும். பழைய பெட்டியில் இல்லாத ஒன்று அது. தாங்கியை ஆசாரி அடிக்கிறேன் என்றிருக்கிறார். மழை குறைந்ததும் மரம் பார்க்கப் போகிறோம்.