சொளவு சொளவாகவே இருக்கட்டும்

பாளையங்கோட்டையில் கல்லூரித் தமிழாசிரியராக இருக்கிறேன். முதலாமாண்டுப் பிள்ளைகள் எழுதுவதைத் தொகுத்து வருஷத்துக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம். 32 பக்கம், நடுவில் பின் அடித்தது. இதே வேலையைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும், முதன்முதலாக எழுதிக் கொடுக்கப்போகும் பிள்ளைகளுக்கும் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதல் வருஷம் நான் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, தன் அம்மா பீடி சுற்றுவதைப் பற்றி எழுதியிருந்தாள். மடியில் சொளவு, அதில் தூளும் வெட்டிய இலையும், ராத்திரி பதினோரு மணிக்கும் நிற்காத விரல்கள். நான் சொளவு என்ற ஊர்ச்சொல்லை முறம் என்று மாற்றினேன். அவளுடைய குட்டி வாக்கியங்களை ஒட்டி நீட்டினேன். உழைக்கும் மகளிரின் அவலம் என்று ஒரு முடிவுரையும் சேர்த்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். புத்தகம் கைக்கு வந்த மறுநாள் துறைக்கு வந்தாள். "ஐயா, வீட்ல வாசிச்சுக் காட்டுனேன். 'ஏளா, இது யாரு வீட்டுக் கதை'ன்னு அம்மா கேக்கா." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதன்பிறகு பிள்ளைகளின் வரியை என் பேனா மாற்றுவதில்லை. ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுகிறேன். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கடையில் எத்தனையைக் கழித்துப் போடுவார்கள்? அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள்? பதில்களைச் சேர்த்து அவர்களே மறுபடி எழுதி வரட்டும். இப்படி இரண்டு முறை போதும். மூன்றாம் முறைக்குப் பிள்ளைக்குச் சலிப்பு தட்டிவிடும், எழுத்தும் உலர்ந்துபோகும்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புவரை குறிப்புச் சட்டகம், முன்னுரை, முடிவுரை என்று பழகிய கை உங்களுடையது. மதிப்பெண் வாங்கித் தந்த பழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுதி முடித்ததும் முதல் பத்தியைக் கையால் மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து வாசித்துப் பாருங்கள். பத்தமடைப் பையன் ஒருவன் 'உலகப் புகழ்பெற்ற பாய்' என்று தொடங்கியிருந்தான். இரண்டாம் பத்தியில், ஆற்றில் ஊறப்போட்ட கோரைக்குத் தாத்தாவோடு காவல் இருந்தது வந்தது. கட்டுரை அங்கேதான் இருந்தது.

ஊர்ப்பேச்சை அச்சில் போடலாமா என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன் கதைகளில் நெல்லைப் பேச்சு தாராளமாக வரும். ஊர்ச்சொல் வேறு, எழுத்துப்பிழை வேறு. ல, ள, ழ மயக்கத்தையும் சந்திப் பிழையையும் வட்டமிட்டுக் காட்டுவேன், திருத்துவது பிள்ளையின் வேலை.

அச்சு வேலைக்கும் சில விஷயங்கள். மடித்துப் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், 30 பக்கத்தில் நின்றால் இரண்டு பக்கம் வெறுமையாகப் போகும். பிள்ளைகள் செல்போனில் யூனிகோடில் அடித்துத் தருகிறார்கள். டிடிபி கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும், அதனால் மாற்றியபின் ஒரு மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி, கட்டாயம். இன்னொன்று, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். முதலாமாண்டுப் பிள்ளைதானே என்று கேட்காமல் மாற்றுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. வீட்டாரைப் பற்றி எழுதியிருந்தால் அவர்களிடமும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கி வரச் சொல்கிறேன்.

கடைசி மெய்ப்பில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதிய பிள்ளையின் கையெழுத்து இருக்க வேண்டும். அது இல்லாத பக்கத்தை இப்போது நான் அச்சகத்துக்குக் கொடுப்பதில்லை.