மிளகு போய் இறங்கிய கரை: நேப்பிள்ஸில் தின்றதும் பார்த்ததும்

முதலில் டாக்ஸிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் கோபம் ஆறவில்லை.

நேப்பிள்ஸ் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக நிர்ணயித்த டாக்ஸிக் கட்டணம் உண்டு. ஏறும் முன்பே அந்தக் கட்டணம்தான் வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். கேட்டேன். ஓட்டுநரும் தலையாட்டினார். இறங்கும்போது பெட்டி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு, இரவு நேரத்துக்கு இவ்வளவு, சந்துக்குள் வந்ததற்கு இவ்வளவு என்று அடுக்கி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேட்டார். நிர்ணயக் கட்டணத்தில் இதெல்லாம் அடங்கிவிடும். தங்கை பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு பைசா கூடக் கொடுக்காதே" என்று நின்றாள். மழை. இருட்டு. தெரியாத சந்து. கடைசியில் அவர் கேட்டதில் முக்கால்வாசி கொடுத்துத்தான் பெட்டி கைக்கு வந்தது. யூரோவை ரூபாயாக்கிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. விமான நிலையப் பேருந்து 5 யூரோதான். பெரிய ரயில் நிலையம் வரை வரும். பேசாமல் அதில் ஏறுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன், இத்தாலியில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் நேப்பிள்ஸ்தான். ரோமில் பழமைக்குக் கயிறு கட்டி வரிசையில் நிற்க வைக்கிறார்கள். இங்கே அதன் மேலேயே உலையைப் போட்டுப் பீட்சா சுடுகிறார்கள். விசாவுக்கே ஆளுக்கு 90 யூரோ கட்டிவிட்டு இத்தாலி போகிறவர்கள் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று ஓடி, நேப்பிள்ஸை "அழுக்கு ஊர், திருட்டு ஊர்" என்று தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அழுக்கு உண்டு. ஸ்கூட்டர்கள் நடைபாதையில் ஏறும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், அதைவிடப் பயப்பட ஒன்றுமில்லை.

பழைய ஊரின் தெருக்களைக் கிரேக்கர்கள் போட்டது சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு. கிழக்கு மேற்காக மூன்று நீளத் தெருக்கள், அவற்றை வெட்டிக்கொண்டு குறுக்குச் சந்துகள். அந்தக் கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. நடுத்தெருதான் வியா தெய் திரிபுனாலி. உலகத்தில் பீட்சாவுக்காகச் சண்டை நடக்கும் தெரு ஒன்று உண்டென்றால் இதுதான். அதன் நடுவே சான் கயெத்தானோ சதுக்கம். கிரேக்கர் காலத்தில் ஊரின் பொதுவெளியும் ரோமர் காலத்தில் ஃபோரம் என்ற பொதுச்சதுக்கமும் இருந்த இடம். எதிரே உள்ள சான் பவுலோ மஜோரே தேவாலயத்தின் முகப்பில் இரண்டு உயரமான தூண்கள் நிற்கின்றன. அவை பழைய ரோமக் கோயிலின் தூண்கள். அதன் அடியில் நின்று மக்கள் பாட்டுக்குப் பீட்சா தின்கிறார்கள்.

அதே சதுக்கத்தில் சான் லொரென்சோ மஜோரே தேவாலயம். டிக்கெட் எடுத்துப் படியிறங்கினால் ரோமர் காலத்துக் கடைத்தெரு. வளைகூரை போட்ட கடைகள், கல் மேடைகள், ஒரு ரொட்டி அடுப்பு, துணி வெளுக்கும் தொட்டிகள். கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மண்சரிவு மூடி, அதன் மேல் தேவாலயம் எழும்பியது. உள்ளே அந்த ரொட்டி அடுப்பைப் பார்த்துவிட்டு மேலே வந்து இருபது அடி நடந்தால் இன்னொரு அடுப்பில் விறகு எரிகிறது. தங்கை அங்கேயே நின்றுவிட்டாள். "கீழேயும் இதே வேலை, மேலேயும் இதே வேலை" என்றாள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் 40 மீட்டர் ஆழத்துக்குக் கூட்டிப்போகும் சுரங்கச் சுற்றுலாவும் உண்டு. கிரேக்கர் கல் வெட்டிய குழிகள், பிறகு தண்ணீர்த் தொட்டிகள், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் ஒளிந்த இடம். நல்ல சுற்றுலாதான். ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் சான் லொரென்சோவுக்குக் கொடுங்கள்.

சரி, பீட்சா. மார்கரீட்டா 6 யூரோ. மரினாரா அதைவிடக் குறைவு. மரினாராவில் சீஸ் கிடையாது, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டும். தக்காளியின் சுவையைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. அடுப்புக்குள் போய் ஒன்றரை நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடுகிறது. ஓரம் உப்பி, அங்கங்கே கருகி, நடுவில் தளதளவென்று. கத்தியால் வெட்டினால் சாறு ஓடும். இந்தப் பீட்சாக்காரர்களின் கைவேலையை 2017-இல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்காவிட்டால்தான் ஆச்சரியம். காசு குறைவென்றால் நான்காக மடித்துக் காகிதத்தில் தரும் சின்னப் பீட்சா வாங்குங்கள். 2 யூரோ சுற்றி. எங்கள் மதிய உணவு பல நாள் அதுதான். நின்றுகொண்டே தின்றால் மேசைக்கான கட்டணமும் மிச்சம். காபியும் அப்படித்தான், மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. காபிக்கு முன் ஒரு சின்னக் குவளைத் தண்ணீர் வைக்கிறார்கள், அதை முதலில் குடித்து வாயைச் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும். நமக்குப் பிடிக்கிற வழக்கம்.

பாம்பெய்க்குப் போன ரயிலைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. நசுங்கிக்கொண்டு, வேர்த்துக்கொண்டு, ஜன்னல் திறக்காமல். ஆனால் இறங்கியதும் எல்லாம் மறந்துபோனது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த 66 ஹெக்டேர் ரோமர் ஊர் அது. மூன்றில் ஒரு பங்கை இன்னும் தோண்டவே இல்லை. மாளிகைகளையும் அரங்குகளையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சாப்பாட்டுக் கடைகளை மட்டும் சொல்கிறேன்.

தெருவோரம் கல் மேடை, அதில் பதித்த பெரிய மண் ஜாடிகள், பின்னால் சின்ன அறை. இதுபோன்ற கடைகள் பாம்பெயில் 80 அளவில் இருந்தன. வீட்டில் சமைக்க இடமில்லாத ஏழை எளிய மக்கள் இங்கேதான் சாப்பிட்டார்கள். பெரிய தெருவில் ஒரு கடையின் ஜாடிக்குள் கிட்டத்தட்ட 3 கிலோ காசுகள் கிடைத்தன. கடைக்காரர் கல்லாப் பணத்தைப் போட்டு வைத்துவிட்டு ஓடியிருக்கிறார், திரும்பி எடுக்கவில்லை. 2020-இல் முழுதாகத் தோண்டி எடுத்த இன்னொரு கடை இருக்கிறது. மேடையின் முன்பக்கம் வாத்துகள், சேவல், சங்கிலி கட்டிய நாய் எல்லாம் நேற்று வரைந்தது போன்ற நிறத்தில். ஜாடிகளின் அடியில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சம் இருந்தது. வைன் ஜாடியில் அரைத்த மொச்சை வகைப் பயறு கிடந்தது. இதற்காகவே அந்த ரயிலில் இன்னொரு முறை நசுங்கலாம்.

2023-இல் பாம்பெயில் ஒரு சுவரோவியம் வெளிப்பட்டது. வெள்ளித்தட்டில் தட்டையான ரொட்டி, அதன் மேல் பழங்கள், பக்கத்தில் வைன் கோப்பை. உடனே உலகமெங்கும் "பீட்சாவின் பாட்டன்" என்று எழுதினார்கள். தக்காளி அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில். அதனால் அதைப் பீட்சா என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தட்டையான ரொட்டியைத் தட்டாக்கி அதன் மேல் சாப்பாட்டை வைத்துத் தின்னும் பழக்கம் இந்தக் கரையில் அவ்வளவு பழசு என்பது உண்மை.

பாம்பெயில் கிடைத்த நல்ல பொருட்கள் எல்லாம் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் கூட்டம் தள்ளும். எரிமலைச் சூட்டில் கரியாகிப்போன ரொட்டி ஒன்று இங்கே இருக்கிறது, எட்டுத் துண்டாகப் பிய்ப்பதற்கான கோடுகளோடு. இன்னொரு பக்கம் மீன் மொசைக். விலாங்கு, இறால், நடுவே பெரிய சிங்கி இறாலோடு சண்டையிடும் ஆக்டோபஸ். மறுநாள் காலையில் பிஞ்ஞாசெக்கா சந்தையில் அந்த ஆக்டோபஸை நீல நிறத் தொட்டியில் உயிரோடு பார்த்தோம்.

இதே கட்டடத்தில்தான் நம் நாட்டுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். 1938-இல் பாம்பெயின் ஒரு வீட்டில் கிடைத்த தந்தச் சிலை, ஒரு முழத்துக்கும் குறைவு. பாம்பெய் லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். லட்சுமி அல்ல, யட்சி என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. காலில் கணுக்காலிலிருந்து மேல் வரை அடுக்கடுக்காகத் தண்டை, கழுத்தில் கனமான ஆரம், இரு பக்கமும் தோழிகள். அவள் அங்கே நிற்பதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது. காமக் கலைப்பொருட்களுக்கென்று ஒதுக்கிய 'இரகசிய அறை'யில் அவளை வைத்திருக்கிறார்கள். ஆடையில்லை என்பதற்காக அங்கேயா? கி.பி. 79-க்கு முன்பே இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தவள். அந்தக் கடல் வாணிகத்தைச் சொல்லும் கூடத்தில் நட்டநடுவே நிற்க வேண்டியவள்.

அந்த வாணிகம்தான் என்னை இந்த ஊருக்கு இழுத்தது. நான் மதுரைக்காரி. மூத்த பிளினி என்ற ரோமர் தன் 'இயற்கை வரலாறு' நூலில் முசிறித் துறைமுகத்தைச் சொல்கிறார், மதுரையிலிருந்து ஆளும் பாண்டியனைச் சொல்கிறார். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிடமிருந்து உறிஞ்சுகிறது என்று புலம்புகிறார். கருமிளகு ராத்தல் 4 தெனாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று விலைப்பட்டியலும் தருகிறார். வெறும் காரத்துக்காக இதைத் தேடி இந்தியா வரை போகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம். அகநானூறு இதே செய்தியை நம் கரையில் நின்று சொல்கிறது, யவனரின் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று. அந்தப் பிளினி நேப்பிள்ஸ் வளைகுடாவில் மிசேனும் துறைமுகத்தில் கடற்படைத் தலைவராக இருந்தவர். வெசூவியஸ் வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பலில் போய், எதிர்க்கரையில் இறந்தார். மதுரையின் பெயரை எழுதிய கை இந்தக் கரையில்தான் ஓய்ந்தது.

மிளகு இந்த ஊரை விட்டு இன்னும் போகவில்லை. தராலி என்று ஒரு முறுக்கிய வளையம் விற்கிறார்கள், பன்றிக் கொழுப்பும் பாதாமும் மிளகும் போட்டுச் சுட்டது. கடித்தால் முதலில் வருவது மிளகுக் காரம்தான். சைவக்காரர்கள் கொழுப்பைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கப்புவானா வாசல் பக்கம் ஆக்டோபஸ் வேகவைத்த நீரைக் கோப்பையில் ஊற்றி, மேலே மிளகைத் தாராளமாகத் தூவித் தருகிறார்கள். சளி பிடித்திருந்த தங்கைக்கு அது மிளகு ரசம் குடித்த மாதிரி இருந்தது. மறுநாளும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கடலோரத்துச் சுற்றுலா உணவகங்களுக்கு மட்டும் போகாதீர்கள். ஒரு இடத்தில் விலை எழுதாத "இன்றைய மீன்" என்று சொல்லி, எடைக்கு விலை போட்டு, எங்கள் மூன்று நாள் சாப்பாட்டுக் காசை ஒரே இரவில் வாங்கிக்கொண்டார்கள். மீனும் காய்ந்துபோயிருந்தது. அருங்காட்சியகத்துக்கு அந்தப் பக்கம் இலங்கைக்காரர்களின் கடைகள் உண்டு. நேப்பிள்ஸில் அவர்கள் நிறையப் பேர், பெரும்பாலும் சிங்களவர்கள். சோறும் பருப்பும் வேண்டுமென்று தோன்றும் நாளில் பையைக் காலி செய்யாமல் வயிறு நிறையும்.

கடைசியாக, யாரும் போகாத பொட்சுவோலி. நேப்பிள்ஸிலிருந்து மெட்ரோ இரண்டாம் தடத்தில் போகலாம். பழைய பெயர் புத்தியோலி. ரோமுக்குத் தன் பக்கத்திலேயே பெரிய துறைமுகம் அமையும் வரை இதுதான் அதன் பெரிய வாசல். நம் மிளகு செங்கடல் தாண்டி, நைல் வழியாக அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தது. ஊர் நடுவே பள்ளத்தில் பழைய சந்தை கிடக்கிறது. செராபிஸ் என்ற கடவுளின் சிலை கிடைத்ததால் செராபிஸ் கோயில் என்று நினைத்து அப்படியே பெயர் வைத்தார்கள், ஆனால் அது மீனும் இறைச்சியும் விற்ற இடம். நிற்கும் மூன்று தூண்களில் தலைக்கு மேல் உயரத்தில் வளையமாகத் துளைகள். கடல் சிப்பிகள் குடைந்தவை. எரிமலை நிலம் மூச்சு விடுவதில் சந்தை கடலுக்குள் இறங்கியது, மறுபடி மேலே வந்தது. இப்போதும் நிலம் ஏறிக்கொண்டே இருக்கிறது, அடிக்கடி அதிர்கிறது. கம்பி வேலியைச் சுற்றி நின்றே எல்லாம் பார்க்கலாம், காசு வேண்டாம். இத்தாலியின் மூன்றாவது பெரிய ரோம வட்டரங்கும் நடக்கும் தூரத்தில்தான். பாம்பெயில் தள்ளிய கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட இங்கே இல்லை.

துறைமுகத்தருகே ஒரு சின்னக் கடையில் இம்பெபாத்தா தி கோட்செ கேட்டோம். மட்டிச் சிப்பிகளை அவற்றின் சாற்றிலேயே திறக்க வைத்து, எலுமிச்சையும் கருமிளகும் போட்டது, வேறொன்றும் இல்லை. மிளகை நுணுக்காமல் உடைத்துப் போட்டிருந்தார் அந்த அம்மா. இன்னும் கொஞ்சம் கேட்டதும் மிளகு உடைக்கும் அரைவைக் குப்பியையே கொண்டுவந்து மேசையில் வைத்தார். ரொட்டி, சிப்பி, தண்ணீர், மேசைக் கட்டணம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் 30 யூரோவுக்குள் முடிந்தது. அந்த டாக்ஸிக்காரர் வாங்கியதைவிடக் குறைவு. அடுத்த முறை பொட்சுவோலியிலேயே அறை எடுத்துத் தங்கி, நேப்பிள்ஸுக்குத் தினமும் மெட்ரோவில் போய்வரப் போகிறேன்.