வெப்பமானி காட்டாத வெப்பம்

மலேசியாவின் பகாவ் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவம் பயிலும் என் அக்காள் மகள், விடுமுறைக்கு வந்தபோது, சூட்டால் புற்றுநோயைக் கொல்லும் சிகிச்சை பற்றி ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, வெந்நீர்த் தொட்டியிலும் 43 பாகை செல்சியஸ், காந்தத் துகளால் சூடாக்கினாலும் 43 பாகை, பிறகு ஏன் இரண்டாவதில் புற்றுநோய் உயிரணுக்கள் கூடுதலாகச் சாகின்றன?" ஆய்வகங்களில் இந்த வேறுபாடு உண்மையாகவே பதிவாகியிருக்கிறது என்பதால், கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

வழக்கமான முறையில் வெப்பம் புறத்திலிருந்து உள்ளே நகர வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள செம்பனை ஆலைகளில் குலைகளை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீராவியில் அவிப்பதற்கு, குலையின் நடுவிலுள்ள பழத்தை வெப்பம் எட்டத் தாமதமாவதும் ஒரு காரணம். உயிருள்ள உடலிலோ, இரத்த ஓட்டம் அந்த வெப்பத்தை இடையிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நல்ல திசுவும் சூட்டில் பங்கு பெறுகிறது.

காந்த முறையில் இரும்பு ஆக்ஸைடு நானோ துகள்களைக் கட்டிக்குள் செலுத்தி, விரைந்து திசைமாறும் காந்தப்புலத்தில் வைக்கிறார்கள். புலம் புரளும்போதெல்லாம் துகளின் காந்தமுனைப்பு அதைத் தொடர முயன்று பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலே வெப்பமாகிறது. நிணநீர்க் கணுக்களை இவ்வாறு சூடாக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கில்கிறிஸ்ட்டின் குழுவினர் 1957இலேயே எழுதிவிட்டார்கள்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். 1984இல் ஆய்வாளர்கள் சப்பரேட்டோவும் டூயியும் வகுத்த கணக்கின்படி, 43 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அதே விளைவுக்குத் தேவைப்படும் நேரம் பாதியாகிறது. அதாவது, அரைப் பாகை கூடினாலே உயிரணு பெறும் வெப்பச் சிகிச்சையின் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடும். துகள்களோ உயிரணுக்களின் மேல் படிந்து கிடக்கின்றன. வெப்பமானி மேலே திரவத்தில் நிற்கிறது. "ஒரே வெப்பநிலை" என்ற சொல்லையே நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

ஆனால் எல்லாவற்றையும் வெப்பமானியின் தலையில் கட்டிவிடவும் முடியாது. புவெர்த்தோ ரிக்கோ ஆய்வாளர்கள் 2011இல், மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களின் மேற்பரப்பு ஏற்பிகளைத் தேடிப் பற்றும் துகள்களைப் பயன்படுத்தி, உணரத்தக்க வெப்பநிலை உயர்வு எதுவுமின்றி 99.9 விழுக்காடு வரை உயிரணுக்களைக் கொன்று காட்டினார்கள். இதற்கு எதிர்முனையில் ரேபின் என்ற ஆய்வாளர் 2002இல் செய்த கணக்கு நிற்கிறது: ஒரு தனித் துகளோ, துகள் நிரம்பிய ஒரு தனி உயிரணுவோ தன் சுற்றுப்புறத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சூடாகவே முடியாது, அத்தனை சிறிய இடத்திலிருந்து வெப்பம் உடனே வழிந்தோடிவிடும். இரண்டையும் ஒருசேர ஏற்பதற்கு எனக்குத் தென்படும் வழி ஒன்றுதான். உயிரணு விழுங்கிய துகள்கள் அதன் செரிமான அறைகளான லைசோசோம் பைகளில் போய்ச் சேர்கின்றன. புலம் இயங்கும்போது அந்தப் பையின் சவ்வு சிதைந்து, செரிமான நொதிகள் உள்ளேயே கசிகின்றன என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. அப்படியானால் கொல்வது உயிரணு முழுவதன் சூடு அன்று. துகள் அமர்ந்த இடம்தான் வேலை செய்கிறது.

மருத்துவமனைச் சான்று இந்தப் புதிரைத் தீர்க்கவில்லை. 2011இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில், மீண்டும் தலைதூக்கிய மூளைப் புற்றுநோய் கொண்ட 59 பேருக்கு இந்தச் சிகிச்சை தரப்பட்டது. மறுதாக்கம் கண்டறியப்பட்டதிலிருந்து இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 13.4 மாதம். கதிர்வீச்சும் சேர்த்தே கொடுக்கப்பட்டதாலும், ஒப்பிட வேறு குழு இல்லாததாலும், காந்த வெப்பத்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

ஆகவே, அவள் படித்துக்கொண்டிருந்த கட்டுரையில் மூன்று சோதனைகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன்: புலமில்லாமல் துகள் மட்டும், துகளில்லாமல் புலம் மட்டும், துகளையும் உள்ளே வைத்தபடியே வெந்நீர்த் தொட்டியில் வெப்பநிலை அதே வேகத்தில் ஏறும்படி சூடாக்கியது. முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது இல்லை.