நின்ற இடத்தில் ஒரு வட்டம்

நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். 2020 மார்ச் நடுப்பகுதியில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கரும்பலகைக்கும் வெண்கட்டிக்கும் மட்டுமே பழகியிருந்த நான் கைப்பேசியின் முன் அமர்ந்து வகுப்பெடுக்கத் தொடங்கினேன். பாடசாலைகள் வழமைக்குத் திரும்பிய பின்னரும், அயல் தோட்டங்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வாரத்தில் மூன்று மாலைகள் அந்த வகுப்பை நடத்தி வருகிறேன். இணையவழியில் படிக்கும் ஒரு மாணவருக்கு எது ஒழுக்கம், எது படிக்கும் திறன் என்று அன்று நான் எண்ணியிருந்தவற்றுள் பெரும்பாலானவை இன்று என்னிடம் இல்லை. அவை எவ்வாறு மாறின என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு.

தொடக்கத்தில் நான் விதித்தவை எல்லா ஆசிரியர்களும் விதித்த விதிகள்தாம். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே இணைய வேண்டும், கெமராவைத் திறந்து வைத்திருக்க வேண்டும், பெயர் சரியாகத் தெரிய வேண்டும், கேள்வி கேட்டவுடன் மைக்கைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். சூம் செயலியின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தோடு முடிந்துவிடும்; அதில் பத்து நிமிடம் பெயர் கூப்பிடுவதிலேயே கழிந்தது. முப்பத்தாறு பேர் கொண்ட வகுப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று இணைப்புகளே வந்தன. அவற்றுள் ஒன்று எனக்கு மிகுந்த எரிச்சலைத் தந்தது. என் வகுப்பில் இல்லாத ஓர் ஆணின் பெயர் அதில் தெரியும்; முகம் தெரியாது, எத்தனை முறை கேட்டாலும் குரல் வராது, இரண்டு மூன்று தடவை அறுந்து மறுபடி வரும். ஒரு நாள், படிக்க விருப்பமில்லாதவர்கள் மற்றவர்களைக் குழப்பாமல் வெளியே போகலாம் என்று கடுமையாகச் சொல்லி, அந்த இணைப்பை நானே நீக்கிவிட்டேன்.

ஜூன் மாதத்தில் ஊரடங்கு தளர்ந்த பின்னர், அச்சிட்ட செயலட்டைகளை வீடு வீடாகக் கொடுப்பதற்காக ஒரு தோட்டத்தின் மேற்கணக்குக்கு, அதாவது அதன் மேற்பிரிவுக்கு, சென்றேன். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பிள்ளைகள் இல்லை. அவர்கள் கவரேஜ் கிடைக்கும் இடத்துக்குப் போயிருப்பதாக ஒரு பாட்டி மேலே கையைக் காட்டினார். மாரியம்மன் கோவிலைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்கிடையே ஏறிப் போனால் உச்சியில் ஒரு பாறை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்ட காலமாதலால் பனிமூட்டமும் தூறலும் விடவில்லை. அந்தப் பாறையின் மேல் நான்கு பிள்ளைகள் தோளோடு தோள் உரச அமர்ந்திருந்தனர். ஒருத்தியின் தாய் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு அவர்களுடைய தலைகளுக்கு மேல் விரிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, திரையில் குறுக்காக வெடிப்பு விழுந்த ஒரே ஒரு கைப்பேசி இருந்தது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய அண்ணன் கொண்டுவந்தது அது. நான் நீக்கிய பெயர் அந்த அண்ணனுடையது.

"மைக்கத் திறந்தா காத்துச் சத்தம் எல்லாருக்கும் தொந்தரவா இருக்கும்னுதான் டீச்சர் மூடி வச்சிருந்தோம். நாங்க நாலு பேருமே ஒரு நாள் விடாம வந்தோம்" என்று மூத்தவள் சொன்னாள். என் வரவுப் பதிவில் அந்த நால்வருக்கும் நேராக, வரவில்லை என்றே தொடர்ந்து எழுதப்பட்டிருந்தது. அந்த இடத்திலேயே அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் வகுப்பிலும், எல்லோரும் கேட்கக் கூடியதாக, தவறு என்னுடையது என்று சொன்னேன்.

ஒழுக்கக் குறைவு என்று நான் பதிந்து வைத்திருந்தது, பிறருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்தால் விளைந்தது. மற்றப் பிள்ளைகளின் வீடுகளிலும் விசாரித்தபோது இதைப் போன்ற செய்திகளே கிடைத்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஐந்தாறு பேர் இருக்கும்போது, துணி மாற்றும் அக்காவும் சுகயீனமாய்ப் படுத்திருக்கும் தாத்தாவும் படத்தில் விழுவார்கள் என்பதற்காகக் கெமராவை மூடியவர்கள் இருந்தனர். காணொளியோடு ஒரு மணி நேரம் வகுப்பு ஓடினால் 500 மெகாபைட்டுக்கு மேல் டேட்டா போய்விடும். தோட்டத்தில் அன்றைய அடிப்படை நாட்கூலி 700 ரூபாய். ரீலோட் போடுவதற்கு முன் ஒரு தாய் எத்தனை கணக்குப் போட வேண்டும் என்பதைக் கணிதம் கற்பிக்கும் நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அதன் பிறகு கெமரா விதியை எடுத்துவிட்டேன். பாடத்தை ஐந்து நிமிடக் குரல் பதிவுகளாகப் பிரித்து, கைப்படத் தீர்த்த கணக்கின் படத்தோடு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். தாயோ தந்தையோ வேலை முடிந்து கைப்பேசியோடு வீடு வந்த பின்னர் இரவில் கேட்டுக்கொள்ளலாம். சூம் வகுப்பு சந்தேகங்களுக்கு மட்டுமென்று ஆயிற்று. ஒரே கைப்பேசியைச் சுற்றி எத்தனை பேர் இருந்தாலும், வகுப்பு தொடங்கும்போது ஒருவர் எல்லோருடைய பெயரையும் எழுதி அனுப்பினால் போதும்.

இப்படி விதிகளைத் தளர்த்தியபோது, உண்மையான குறை எங்கே இருக்கிறது என்பது மெல்லத் தெரியவந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்ட வேளையில் அதே பிள்ளைகள் தரம் 11க்கு வந்துவிட்டனர். மடக்கை (logarithm) கற்பித்துக்கொண்டிருந்தேன். 0.0345இன் மடக்கையில் முழுவெண் பகுதி 2. அதன் தலைமேல் ஒரு கோடு இட வேண்டும், தசமப் பகுதி 0.5378. அந்தக் கோடு முழுவெண் பகுதி மறை என்பதைக் காட்டுவது. அதை மறந்தால் 345இன் மடக்கையையே எழுதியதாகிவிடும். அன்று மாலை எனக்குப் பதினெட்டு விடைத்தாள் படங்கள் வந்தன. பதினொன்றில் கோடு இல்லை. அந்தப் பதினொன்றிலும் நான்காவது வரியில் ஒரே சொல் ஒரே விதமாகப் பிழையாக எழுதப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் செய்ததைப் பத்துப் பேர் பார்த்து எழுதியிருந்தனர். அதற்கு முந்தைய நாள், விளங்கியதா என்று நான் குழுவில் கேட்டபோது பெருவிரல் குறியிட்டு "விளங்கியது டீச்சர்" என்றவர்களும் அவர்களே.

வகுப்பறையில் ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் எனக்குத் தெரியும். பேனை நின்றுவிடும், பக்கத்துக் கொப்பியைக் கண் தேடும், நெற்றி சுருங்கும். வரிசைகளுக்கிடையே நடந்து போகும்போதே கவனித்துவிடலாம். இணையத்தில் எனக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. எனக்குத் தெரியாததைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். "விளங்கியது" என்ற சொல்லைச் சும்மா எழுதி அனுப்பினால், அந்தக் கணத்திலிருந்து ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு எதுவும் செய்ய முடியாதவர் ஆகிவிடுகிறார். நேரம் பிந்துவதைவிட, கெமராவை மூடுவதைவிட, இதுவே இணையவழி வகுப்பின் பெரிய ஒழுக்கக் கேடு என்று நான் கருதுகிறேன். பிள்ளைகளைக் குற்றஞ்சாட்டி இதைச் சொல்லவில்லை. சரியான விடைக்கு மட்டுமே "மிக நன்று" எழுதிப் பழகிய எங்களைப் போன்றவர்களிடம் கற்றதனால்தான் அவர்கள் பயந்தனர்.

ஆகவே ஒரு விதியை மட்டும் புதிதாக வைத்தேன். கணக்கை எங்கே தொடர முடியவில்லையோ அந்த இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டு, அதுவரை செய்ததை அடித்து அழிக்காமல் அப்படியே படமெடுத்து அனுப்ப வேண்டும். வட்டம் போட்ட தாளுக்கும் முழுமையாகச் செய்த தாளுக்கும் வரவு ஒன்றே. முதல் வாரத்தில் ஒருவரும் வட்டம் போடவில்லை. இரண்டாம் வாரத்தில் பாறைமேல் இருந்த நால்வரிடமிருந்தும் வந்தது. ஒருத்தி மடக்கை அட்டவணையில் இடைவித்தியாசத்தைக் கூட்டும் இடத்தில் வட்டமிட்டு, பக்கத்தில் "இங்கே நின்றுவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் அனுப்ப வேண்டியிருந்தது அரை நிமிடக் குரல் பதிவு மட்டுமே.

கேள்வி கேட்கும் முறையும் இதனால் தானாகவே திருந்தியது. முன்னர், "டீச்சர் கணக்கு வரல்ல" என்ற ஒரே வரி இரவு பதினொரு மணிக்கு வரும். எந்தக் கணக்கு, எந்தப் படி என்று கேட்டறிவதற்குள் மறுநாள் ஆகிவிடும். இப்போது, பாடம், கணக்கின் இலக்கம், நின்ற படி, தான் முயன்ற வழி ஆகிய நான்கையும் எழுதி அனுப்புகின்றனர். அப்படி எழுதும்போதே தமக்கு விடை தெரிந்துவிடுவதாகப் பலர் சொன்னதுண்டு.

வட்டம் போட வேண்டுமானால் முதலில் பார்க்காமல் செய்து பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் அழகாகப் பிரதி பண்ணுவதுமாகவே இருந்து வந்தது. இணையவழியில் அந்தப் பழக்கம் இன்னும் தீவிரமானது. என் குரல் பதிவை நான்கு முறை கேட்டுவிட்டுப் பாடம் முடிந்ததென்று கொப்பியை மூடினர். ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் பின்னர் வாசித்தேன். ஒரு பந்தியை நான்கு அமர்வுகளிலும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் அதில் 83 சதவீதத்தை நினைவுகூர்ந்தனர். ஓர் அமர்வில் மட்டும் படித்து, மற்ற மூன்று அமர்வுகளிலும் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதத்தையே நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் சென்ற பின்னரோ முதற்சாரார் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டனர், மற்றவர்கள் 61 சதவீதத்தில் நின்றனர். திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளை அந்த மாலையில் "விளங்கியது" என்று எழுதியதில் முழுப் பொய் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று மாலை அதற்கு உண்மையிலேயே விளங்கியிருந்தது. அடுத்த வாரம் அது கையில் இல்லை. ஆகவே இப்போது என் வகுப்பில், பதிவை ஒரு முறை கேட்ட பின் கைப்பேசியை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, வெற்றுத் தாளில் அந்தக் கணக்கை முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டும். மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் அதே கணக்கை எண்களை மாற்றிச் செய்ய வேண்டும். கைப்பேசி தந்தையோடு போய்விடும் வீடுகளுக்கு இம்முறை மிகவும் பொருந்தி வந்தது. இதற்கு டேட்டாவும் வேண்டியதில்லை.

2021 ஜூலை 12ஆம் திகதி முதல், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. நானும் விலகினேன். கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் நம்புகிறேன். ஆயினும் அந்த மூன்று மாதங்களும் அந்தப் பிள்ளைகளின் முகங்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒக்டோபர் பிற்பகுதியில் பாடசாலைக்குத் திரும்பியபோது அந்த நால்வரும் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து தந்தனர். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலிலிருந்து நாளொன்றுக்கு மூன்று கணக்குகள் வீதம், ஒருவர் மாற்றி ஒருவர் பொறுப்பேற்றுச் செய்திருந்தனர். திகதி இடப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு வட்டங்கள் இருந்தன. அவற்றுள் சில வட்டங்களுக்கு இன்னொருவரின் கையெழுத்தில் பதில் எழுதப்பட்டிருந்தது. எஞ்சிய வட்டங்களை நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து தீர்க்க இரண்டு வாரம் எடுத்தது. மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் நிலவிய நாட்களில், 2022 மே 23ஆம் திகதி தொடங்கிய சாதாரண தரப் பரீட்சைக்கு அவர்கள் தோற்றினர். மூவர் கணிதத்தில் சித்தியடைந்தனர். நான்காமவன் அடுத்த முறை தோற்றிச் சித்தியடைந்தான்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பைச் சிறிதும் தளர்த்தவில்லை. வகுப்பில் ஒருவரின் முகத்தைப் படம்பிடித்து ஸ்டிக்கராக்கி இன்னொரு குழுவில் பகிர்ந்த சம்பவம் ஒருமுறை நடந்தது. அந்தப் பெண்பிள்ளை மூன்று வாரம் எந்த வகுப்புக்கும் வரவில்லை. படத்தைப் பரப்பியவனின் பெற்றோரையும் அழைத்து, அவன் அவளுடைய தாயின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கச் செய்தேன். இணைப்பு முகவரியை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது, பிறரின் படத்தையோ குரலையோ கேளாமல் அனுப்பக் கூடாது, மாணவிகளின் இலக்கங்களைக் குழுவிலிருந்து எடுத்துத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது என்பவற்றை ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் சொல்கிறேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தையும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். ஆசிரியரிடம் சொல்ல முடியாததும் ஒரு பிள்ளைக்கு இருக்கலாம்.

இப்போது கணக்கைப் படமெடுத்தால் படிப்படியாகத் தீர்த்துத் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. அவற்றைத் தடை செய்வதால் பயன் இல்லை. மலையுச்சியில் யார் காவல் நிற்பது? முதலில் தாமே செய்து வட்டம் போட வேண்டும், அந்த வட்டத்தை மட்டும் செயலியிடம் கேட்கலாம், கேட்டால் "செயலியிடம் கேட்டேன்" என்று ஓரத்தில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எழுதாமல் விடுபவர்கள் இன்னமும் இருக்கின்றனர். அவர்களுடைய தாள்களில் அடித்தல் திருத்தல் எதுவும் இராது.

கடந்த செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்குத் தரம் 10 மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு படம் வந்தது. குப்பி விளக்கின் மஞ்சள் ஒளியில் எடுத்தது. அவர்கள் லயத்தில் மின்சாரம் தடைப்பட்டிருந்தது. இருபடிச் சமன்பாடு ஒன்று, காரணிப்படுத்தும் இடத்தில் மூன்று முறை முயன்ற தடம், அதன் மேல் சிவப்பு வட்டம். கீழே எழுதியிருந்தான்: "டீச்சர், இங்கே நின்றுவிட்டேன். நாளைக்குக் காலையில் இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இப்போது விடை அனுப்ப வேண்டாம்."