அம்மாவின் காலில் உறைந்த ரத்தம்

சினைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ போய்க்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு இடது கால் மட்டும் வீங்கியது. கெண்டைக்கால் சூடாக இருந்தது, தொட்டாலே வலி. எண்ணெய் போட்டு உருவிவிடலாமா என்று வார்டு நர்ஸுக்குப் போன் செய்தேன். "உருவவே கூடாதும்மா, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடைச் சிரையில் ரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. உருவியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். அந்த அக்கா நன்றாக இருக்கணும்.

படுத்தே கிடந்ததால் வந்தது என்றுதான் நினைத்தோம். அது ஒரு பங்குதான், பெரிய பங்கு கட்டிக்கு என்றார் டாக்டர். காயம் பட்டதும் உறைதலைத் தொடங்கிவைக்கும் 'திசுக் காரணி' என்ற புரதத்தைப் புற்றுசெல்களே சுமந்திருக்கின்றன. காயமே இல்லாமல் ரத்தம் உறையத் தயாராகிவிடுகிறது. போதாததற்கு, கட்டி சுரக்கும் இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்ட, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) பெருகுகின்றன. வழக்கமாக 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டியவை அம்மாவின் முதல் ரிப்போர்ட்டிலேயே 5 லட்சத்தைத் தாண்டியிருந்தன. கீமோவுக்கு முன் 3.5 லட்சம் இருந்தாலே அதை உறைவு அபாயத்தின் ஓர் அடையாளமாகக் கணக்கில் எடுக்கிறார்களாம். புற்றுநோய்க்கும் ரத்த உறைவுக்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பாரிஸ் மருத்துவர் ட்ரூசோ 1865-லேயே விளக்கியிருக்கிறார். பிறகு அவருக்கே சிரையில் உறைவு வந்து, 1867-இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ரத்தம் உறைவதைத் தடுக்க, எடைக்கேற்ற அளவில் எனாக்ஸபரின் ஊசி, தினம் இரண்டு வேளை. போடக் கற்றுக்கொண்டேன். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, தோலை மடித்துப் பிடித்து, செங்குத்தாகக் குத்த வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. இடம் மாற்றி மாற்றிப் போட்டும் அம்மாவின் வயிறெங்கும் நீலத் திட்டுகள். "பரவாயில்லடி, போடு" என்பார்.

நிஜமான பயம் அப்புறம்தான் வந்தது. கீமோ எலும்பு மஜ்ஜையை அடக்கியதில் தட்டணுக்கள் சரிந்தன. உறைவு ஒரு பக்கம், ரத்தக்கசிவு மறுபக்கம். 50,000-க்குக் கீழே போனதும் டாக்டர் ஊசியின் அளவைப் பாதியாக்கினார். 25,000-க்குக் கீழே போனால் நிறுத்தச் சொல்லியிருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் போனில் சொல்லி, சரி என்று கேட்ட பிறகே ஊசியை எடுப்பேன். ஈறில் ரத்தம் வருகிறதா, மலம் கறுத்திருக்கிறதா என்றும் தினமும் கேட்பேன். அம்மாவுக்கு அது எரிச்சல்தான், ஆனாலும் கேட்டேன்.

தட்டணுக்கள் மீண்டதும் முழு அளவுக்குத் திரும்பினோம். அடுத்த டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிந்தது. புற்றுநோய் இருக்கும்வரை மருந்து தொடர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஊசிக்குப் பதில் மாத்திரை.