கர்லுக்குக் கோட் எழுத ஆசையா? டெஸ்ட் ஃபோல்டர் வழியாக வாருங்கள்

ஓப்பன் சோர்ஸில், அதாவது யார் வேண்டுமானாலும் கோடைப் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடிய மென்பொருள்களில், எந்த புராஜெக்டில் சேரலாம் என்று கேட்கிற மாணவர்களிடம், சி மொழி ஓரளவு கைவரும் என்றால், நான் கர்லைத்தான் சொல்வேன். டெர்மினலில் ஒரு யூஆர்எல்லைக் கொடுத்தால் அதில் இருப்பதை இறக்கித் தருமே, அதே கருவி. சுவீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் இந்தப் பெயரில் வெளியிட்டார். இன்றும் முன்னின்று நடத்துவது அவர்தான்.

எடுத்தவுடன் சோர்ஸ் கோடில் போய் விழாதீர்கள். எஸ்ஆர்சி ஃபோல்டரில் கருவி, லிப் ஃபோல்டரில் மற்ற நிரல்களும் பயன்படுத்தும் லைப்ரரி என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும். நான் டெஸ்ட் ஃபோல்டரில்தான் தொடங்கினேன். அங்கே ஒவ்வொரு டெஸ்டும் எக்ஸ்எம்எல் சாயலில் ஒரு சின்ன ஃபைல். சர்வர் என்ன பதில் தர வேண்டும் என்பது ரிப்ளை பகுதியில் இருக்கும். கர்லை எந்தக் கட்டளையோடு ஓட்ட வேண்டும் என்பது கிளையன்ட் பகுதியில். கர்ல் அனுப்பும் கோரிக்கை வரிக்கு வரி எப்படி இருக்க வேண்டும் என்பது வெரிஃபை பகுதியில். ரன்டெஸ்ட்ஸ் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் உங்கள் கணினியிலேயே ஒரு குட்டி சர்வரை எழுப்பி இதைச் சரிபார்க்கும்.

முதல் டெஸ்டை எடுத்து, வெரிஃபை பகுதியில் அக்செப்ட் என்று தொடங்கும் வரியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஓட்டிப் பாருங்கள். எதிர்பார்த்தது இது, வந்தது இது என்று இரண்டையும் காட்டிவிட்டு டெஸ்ட் தோற்கும். இப்படிக் கொஞ்சம் டெஸ்ட்களைக் கிண்டினால், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி தானாகப் பிடிபடும். நெட்வொர்க்ஸ் பேப்பருக்கு நான் மனப்பாடம் செய்தது எதுவும் இந்த அளவுக்கு நிற்கவில்லை.

அப்புறம் ஒரு பக்கை, அதாவது கோடில் உள்ள ஒரு பிழையை, எடுங்கள். அது இருக்கிறது என்று காட்டும் டெஸ்டை முதலில் எழுதி, தோற்பதைப் பார்த்த பிறகே கோடில் கை வையுங்கள்.

கல்லூரி லேபில் பழகிய கை இங்கே நிறைய அடி வாங்கும். ஒரு வரி 79 எழுத்தைத் தாண்டக் கூடாது, உள்தள்ளல் 2 ஸ்பேஸ். எழுத்துச் சரங்களை உருவாக்கும், ஒட்டும் சி ஃபங்ஷன்களான எஸ்பிரின்ட்எஃப், ஸ்டர்கேட் இரண்டுக்கும் தடை. ஒதுக்கிய மெமரி இடமான பஃபர் வழிந்து பாதுகாப்பு ஓட்டை விழும் என்பதால். செக்எஸ்ஆர்சி என்ற ஸ்கிரிப்ட் இதையெல்லாம் பிடித்துவிடும், அனுப்புமுன் நீங்களே ஓட்டிவிடுங்கள். டார்ச்சர் டெஸ்ட் என்று ஒன்றும் உண்டு. மெமரி கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் வேண்டுமென்றே "இல்லை" என்று சொல்லி, நிரல் கிராஷ் ஆகிறதா, எங்காவது மெமரி கசிகிறதா என்று பார்ப்பார்கள். மெமரி கேட்கும் சி ஃபங்ஷனான மாலாக் தோற்றால் என்ன செய்வது என்று எந்த லேபில் கேட்டார்கள்?

வழக்கமாக எட்டு வாரத்துக்கு ஒரு வெளியீடு. வெளியீடு நெருங்கும்போது பக் திருத்தங்களை மட்டுமே சேர்ப்பார்கள். புது ஆப்ஷன் அனுப்பிவிட்டுச் சத்தமே இல்லை என்றால் முதலில் காலண்டரைப் பாருங்கள்.

ஒருநாள் உங்கள் புல் ரிக்வெஸ்ட், அதாவது கோடைச் சேர்க்கச் சொல்லி கிட்ஹப் தளத்தில் நீங்கள் அனுப்பிய கோரிக்கை, சிவப்பில் 'க்ளோஸ்டு' என்று வரும். பயப்படாதீர்கள், கிட்ஹப்பின் மெர்ஜ் பட்டனை இவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. மாற்றத்தைத் தங்கள் கணினியில் சேர்த்து நேரடியாக மாஸ்டர் என்ற முதன்மைக் கிளைக்குத் தள்ளுவார்கள். பக்கத்தின் அடியில் எந்த கமிட்டால் (பதிவான மாற்றத்தால்) மூடப்பட்டது என்று இருக்கும், அதில் ஆசிரியர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். ரெஸ்யூமேயில் அந்த கமிட்டின் லிங்கையே கொடுங்கள். புல் ரிக்வெஸ்ட் லிங்கைக் கொடுத்தால், இன்டர்வியூ எடுப்பவர் சிவப்பைப் பார்த்துவிட்டு நிராகரித்துவிட்டார்கள் என்றே நினைப்பார்.