வடக்கே வெயில்

நாங்கள் மொரிஷியஸுக்குக் குடிவந்தது 2023 ஜூன் மாதம். எனக்கு எபேனில் வேலை. ரோஸ் ஹில்லில் மெட்ரோ மாறினால் எபேன் போய்விடலாம் என்பதால் காத்ர் போர்ன் ஊரில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் வீடு எடுத்தோம். லிஃப்ட் கிடையாது. பால்கனியில் நின்று இடது பக்கம் திரும்பினால் கோர் த கார்த் மலை தெரியும். அதன் சரிவில் முருகன் கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் என் கணவர் இதற்கு மேல் வேறு வீடே பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் திருச்சியில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் வீடு பார்க்கப் போனால் அம்மா முதலில் கேட்பது தெற்கே ஜன்னல் இருக்கா, காத்து வருமா என்பதுதான். அதே கணக்கில்தான் இங்கேயும் அறையைத் தேர்ந்தெடுத்தேன். படுக்கையறை இரண்டு. பால்கனியை ஒட்டி வடக்கே ஒன்று, பின்பக்கம் தென்கிழக்கு மூலையில் இன்னொன்று. தென்கிழக்கு அறை பெரியது, ஜன்னலைத் திறந்தாலே காற்று அள்ளிக்கொண்டு போகும், சுவரெல்லாம் புது வெள்ளை பெயிண்ட். அதை எங்களுக்கு வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த துணிமணி, பட்டுப்புடவை எல்லாவற்றையும் அங்கிருந்த மர அலமாரியில் அடுக்கினேன். வடக்கு அறை பெட்டிகளுக்கும் இஸ்திரிப் பலகைக்கும் போனது.

ஆறு வாரம் கூட ஆகவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் கோயிலுக்குப் போகப் புடவை எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். ஈரச் சாக்குமூட்டையைப் பிரித்தது போல ஒரு வாடை. என் கல்யாணப் புடவை, அரக்குக் கலர், மடிப்பின் ஓரம் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தது. விரலால் தொட்டால் மாவு போல ஒட்டியது. கீழ்த்தட்டில் இருந்த தோல் செருப்பில் பச்சையாக மெல்லிய ரோமம் முளைத்திருந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் கறுத்துக் கிடந்தது, புது பெயிண்டுக்கு அடியிலிருந்து பழைய பூசணம் வெளியே வந்திருந்தது. வீட்டைக் காட்டியவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அன்றைக்கு நான் உட்கார்ந்து அழுதேன், அது அம்மா எடுத்துக்கொடுத்த புடவை.

எதிர்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். தமிழ் வம்சாவளி. வணக்கம் சொல்வார், தேவாரம் இரண்டு பாட்டு மனப்பாடமாகப் பாடுவார், ஆனால் வீட்டுப் பேச்சு முழுக்கக் கிரியோல்தான், இங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் அப்படித்தான். நான் அவரை 'தாந்தீன்' என்று கூப்பிடுவேன், அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் அது. அவர் என்னை 'மோ திஃபி' என்பார், என் பொண்ணே என்று அர்த்தம். கறுத்த சுவரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே வரி. "சொலேய் பா ராந்த் லா." அங்கே வெயில் நுழையாது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இந்தத் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. சூரியன் கிழக்கே உதித்து, உச்சி நேரத்தில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து நின்று, மேற்கே போகிறது. டிசம்பர் வாக்கில் கொஞ்ச நாள் தலைக்கு மேல் வந்து ஒரு துளி தெற்கே தாண்டும், அவ்வளவுதான். ஜூன், ஜூலையில் நன்றாகவே வடக்கே தாழ்ந்துவிடும். ஊரில் மார்கழி மாதம் தெற்கு வாசலில் வெயில் காய்வோமே, அது இங்கே ஆடி மாதம் வடக்குப் பால்கனியில் நடக்கிறது. என் தென்கிழக்கு அறைக்குக் காலையில் ஓரமாக ஒரு கீற்று விழும், அதோடு சரி.

காற்றோ நேர்மாறாக அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று வருஷம் முழுக்க வீசும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கேயும் பொருந்துகிறது. அந்தக் காற்று வெறும் கையோடு வருவதில்லை. காத்ர் போர்ன் இருக்கும் பிளேன் வில்ஹெம்ஸ் பகுதி மேட்டு நிலம், தெற்கே கியூர்பீப் வரை ஏறிக்கொண்டே போகும். கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மேடேறும்போது குளிர்ந்து தூறலாக விழுகிறது. கீழே கடற்கரையில் பளீரென்று வெயில் அடிக்கும் நேரத்தில் கியூர்பீப்பில் குடை பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நாங்கள் இரண்டுக்கும் நடுவில்.

அந்த வாரமே வீட்டைத் திருப்பிப் போட்டோம். கட்டில் வடக்கு அறைக்கு வந்தது. அலமாரியும் வந்தது, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. கறுத்த சுவரை வினிகர் தொட்டுத் துடைத்து, உலரவிட்டு, மறுபடி துடைத்தோம். சூப்பர் மார்க்கெட்டில் ஈரம் இழுக்கும் டப்பா விற்கிறார்கள், உள்ளே கால்சியம் குளோரைடு உருண்டைகள் இருக்கும். அலமாரியில் ஒன்று வைத்தேன். மேல்தட்டில் கல் உப்பு மாதிரி வெள்ளையாக இருப்பது கரைந்து கரைந்து கீழ்த்தட்டில் தண்ணீராக நிற்கிறது. மூன்று வாரம் கழித்து எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன், ஒரு டம்ளர் இருக்கும். இவ்வளவும் என் புடவைகள் குடித்திருக்க வேண்டிய தண்ணீர்.

இங்கே வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மழை பெய்த மறுநாள் போங்கள். அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஒரு அறைக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஜூலை மாதம் எந்த ஜன்னலில் வெயில் விழும் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள், வீட்டுக்காரரை விட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

மற்றதெல்லாம் சுலபமாகவே பழகியது. பிளக் இங்கிலாந்து மாதிரிச் சதுர முள், நம் ஊர் பிளக் நுழையாது. 12 கிலோ கேஸ் சிலிண்டருக்குப் புத்தகம், பதிவு எதுவும் வேண்டாம், காலி சிலிண்டரைத் தெருமுனைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அக்டோபர் தாண்டினால் குழாய்த் தண்ணீர் நேரம் பார்த்துத்தான் வரும், மாடித் தொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வீடு எடுங்கள்.

ஆனால் சந்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். காத்ர் போர்ன் சந்தையில் புதனும் சனியும் காய்கறி. முதல் சனிக்கிழமை போனபோது கிரியோலும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது, விரலை நீட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. ஒரு கடைக்காரர் கட்டுக் கீரையைத் தூக்கி "பிரேத் முரூம்" என்றார். பார்த்தால் முருங்கைக்கீரை. முரூம், முருங்கை! அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். பீர்க்கங்காய்க்கு "பிப்பங்காய்". கொத்தமல்லிக்கு "கொத்தோமிலி". கறிவேப்பிலைக்கு "கரிப்புலே". 1730களில் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை இங்கே கொண்டுவந்தார்கள், பிறகு ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். பேச்சு மொழி போய்விட்ட பல வீடுகளில் அடுப்படிச் சொற்கள் மட்டும் இத்தனை தலைமுறை தாண்டி நிற்கின்றன. எதிர்வீட்டு அம்மா "ராசோன்" என்று ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார், மூடியைத் திறந்தால் மிளகு ரசம்.

மீதிச் சில்லறையாகக் கையில் வந்த 100 ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. அதில் இருக்கும் படமும் தமிழ் வம்சாவளித் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனுடையது. 1998-இல் புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்தபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்று, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள் அந்த ஒரு வரிக்காகத் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். கையில் வந்த அந்த 100 ரூபாய் நோட்டைச் செலவழிக்காமல் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

வடக்கு அறைதான் நல்ல அறை என்று முடிவு கட்டியிருந்தபோது புயல் வந்தது. 2024 ஜனவரி 15, பொங்கல் நாள், புயலின் பெயர் பெலால். இங்கே புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை படி படியாக ஏறும், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்க ஆரம்பித்தால் நான்கு. பொங்கலுக்காக நான் லீவு போட்டிருந்தேன், நல்லதாகப் போயிற்று. போர்ட் லூயிஸ் தெருக்களில் அன்றைக்குக் கார்கள் மிதந்தன. எங்கள் வீட்டில், தென்கிழக்கு ஜன்னலில் ஒரு சொட்டு இல்லை. புயல் எங்களுக்கு மேற்கே இருந்ததால் காற்று வடக்கிலிருந்து திரும்பி அடித்தது, பால்கனியின் அலுமினியச் சறுக்குக் கதவு ஓடும் தடத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு உள்ளே வந்தது. வீட்டில் இருந்த துண்டு அத்தனையும் சுருட்டி அடைத்தோம். பிழிவதும் அடைப்பதுமாகச் சாயங்காலம் ஆகிவிட்டது. கரண்ட் இல்லை, கேஸ் இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பால் பொங்கியபோது எதிர்வீட்டு அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார், 'பொங்கலோ பொங்கல்' என்று மூன்று பேரும் சொன்னோம், அவர் தமிழ் என்னைவிடச் சத்தமாக இருந்தது.

இப்போது கதவுத் தடத்தில் மேலிருந்து கீழ்வரை ரப்பர் பட்டை போட்டாகிவிட்டது. பால்கனியில் கரிப்புலேச் செடி தொட்டியில் இடுப்புயரம் வளர்ந்திருக்கிறது, அது அவர் கொடுத்த கன்று. பட்டுப்புடவையில் கறை முழுக்கப் போகவில்லை, உள்மடிப்பில் பழுப்பாக இரண்டு புள்ளி நின்றுவிட்டது. ஒவ்வொரு ஆடியிலும் அதை எடுத்து, மேலே ஒரு வெள்ளை வேட்டி போர்த்தி, பால்கனிக் கம்பியில் வடக்கே பார்த்து ஒரு மணி நேரம் காயப்போடுகிறேன்.